நாம்சேயில் ஏன் இரண்டு இரவு?

நேபாளத்தின் லுக்லா விமானநிலையம் 2,845 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364 மீட்டரில். நடைவழி அறுபது கிலோமீட்டர் சொச்சம்தான். நல்ல கால்பலம் உள்ளவருக்கு நாலு நாள் போதும். ஆனாலும் ஒழுங்கான பயணத் திட்டம் எதுவும் ஏறுவதற்கு மட்டுமே எட்டு நாள் கேட்கும்; அதில் வழியிலுள்ள நாம்சே பஜார் என்ற ஊரில் மட்டும் இரண்டு இரவு. அந்தக் கணக்கைப் போடுவது சிறுநீரகம்.

மேலே போகப்போக ஆக்சிஜன் குறைகிறது என்பது பாதி உண்மை. காற்றில் அதன் பங்கு அங்கேயும் 21 சதவீதம்தான், குறைவது அழுத்தம். அடிவார முகாமில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி என்பதால், ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜனும் பாதியாகிவிடுகிறது. கழுத்துத் தமனியை ஒட்டியுள்ள கரோட்டிட் உணர்வுறுப்பு இதைக் கண்டுபிடித்து, மூச்சை வேகப்படுத்தச் சொல்கிறது.

சிக்கல் இங்கேதான். வேகமாக மூச்சு விட்டால் கார்பன் டையாக்சைடும் அதிகமாக வெளியேறும். ரத்தம் காரத்தன்மை அடையும். உடனே மூளை, 'போதும், மெதுவாக' என்று தடுக்கும். ஆக்சிஜன் பற்றாக்குறை ஒரு பக்கம் தள்ள, காரத்தன்மை மறுபக்கம் இழுக்கிறது. இரவில் இந்த இழுபறியைக் கண்ணாலேயே பார்க்கலாம்: பக்கத்துக் கட்டிலில் தூங்குபவர் நாலைந்து முறை ஆழமாக மூச்சிழுப்பார், பிறகு சில விநாடிகள் மூச்சே இருக்காது, திடீரென்று மறுபடி ஆழமாக இழுப்பார். பயமாக இருக்கும், பெரும்பாலும் ஆபத்தில்லை.

முட்டுக்கட்டையை எடுப்பது சிறுநீரகத்தின் வேலை. பைகார்பனேட்டைச் சிறுநீரில் வெளியேற்றி ரத்தத்தைச் சமநிலைக்குக் கொண்டுவருகிறது. இதற்குச் சில நாட்கள் ஆகும், அவசரப்படுத்த முடியாது. அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுந்திருப்பது தொல்லைதான், ஆனால் நல்ல அறிகுறி. 'நாலு நாளில் புது ரத்தம் ஊறிவிடும்' என்று சொல்பவர்கள் உண்டு. அதற்கான ஹார்மோன் சில மணி நேரத்திலேயே சுரந்தாலும், சிவப்பணுக்கள் குறிப்பிடும்படி பெருக வாரக்கணக்கில் ஆகும். முதல் நாட்களில் ஹீமோகுளோபின் அளவு கூடித் தெரிவது, ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைவதால்.

பொதுவிதி இது: 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது; மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் கூடுதலாக ஓர் இரவு. நாம்சேக்கு முந்தைய தங்குமிடமான பாக்டிங் 2,610, நாம்சே பஜார் 3,440. ஒரே நாளில் 830 மீட்டர் ஏற்றம், இடையில் தங்க வசதியும் குறைவு. அதனால்தான் நாம்சேயில் இரண்டு இரவு. நடுவில் வரும் பகலில் அறையில் படுத்துக் கிடக்காமல், 3,790 மீட்டரில் உள்ள கும்ஜுங் கிராமம்வரை ஏறிவிட்டுத் தூங்க நாம்சேக்கு இறங்கிவிட வேண்டும். தெங்போச்சே மடாலயத்தைத் தாண்டி, கல்சுவர் வேலிக்குள் உருளைக்கிழங்கும் பார்லியும் விளையும் திங்போச்சேயிலும் (4,410) இதே ஏற்பாடு. இங்கேயே வாழும் ஷெர்பா மக்களே இந்த மேல்பகுதி இடங்களைக் கோடையில்தான், மேய்ச்சலுக்கும் பயிருக்கும், பயன்படுத்தி வந்தார்கள்; ஆண்டு முழுவதும் வாழ்ந்த ஊர்கள் 4,000 மீட்டரை ஒட்டி நின்றுவிட்டன. அவர்கள் உடல் வேறு மாதிரி: ஈபிஏஎஸ்1 மரபணுவின் தனி வடிவம் பலரிடம் இருப்பதால், உயரத்தில் வாழ்ந்தும் அவர்கள் ரத்தம் அளவுக்கு மீறித் தடிப்பதில்லை. வழிகாட்டியின் வேகத்தை நம் வேகத்துக்கு அளவுகோலாக்க வேண்டாம்.

அசிட்டசோலமைடு மாத்திரை, சிறுநீரகம் நாட்கணக்கில் செய்வதை விரைவுபடுத்துகிறது. தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. விரல் நுனி மரமரக்கும்; சோடா சப்பென்றிருக்கும். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மதுவும் தூக்க மாத்திரையும் மூச்சைத் தளர்த்துபவை, மேலே வேண்டாம். பல்ஸ் ஆக்சிமீட்டர் 5,000 மீட்டரில் 80, 85 என்று காட்டினால் பதற வேண்டாம். குளிர்ந்த விரலில் எண் இன்னும் குறையும், சூடாக்கிவிட்டுப் பாருங்கள்.

தலைவலியோடு குமட்டலோ அசதியோ இருந்தால் அது மலைநோய்தான், வேறு காரணம் உறுதியாகும்வரை. அன்று மேலே ஏறக் கூடாது. குழு கிளம்புகிறதே என்று வலியை மறைப்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். இதைவிட மோசமானவை இரண்டு. ஒன்று மூளை வீக்கம்: ஒரு குதிகாலை மறுகால் பெருவிரலோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடுவார். மற்றது நுரையீரலில் நீர் கோத்தல்: உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் வரும். இரண்டுக்கும் முதல் மருந்து இறக்கம், அறிகுறி தணியும்வரை, 300 முதல் 1,000 மீட்டர். ஆக்சிஜனும் மாத்திரைகளும் அதற்குத் துணை மட்டுமே. திங்போச்சேக்கும் மேலேயுள்ள தங்குமிடமான லோபுச்சேயில் இரவு பத்து மணிக்கு இது தொடங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். துணைக்கு ஆள் சேர்த்து, தலைவிளக்கை மாட்டிக்கொண்டு, நோயாளியின் பையை வேறொருவர் சுமக்க, கீழேயுள்ள பெரிச்சே கிராமத்தை நோக்கி இறங்குங்கள். பருவகாலத்தில் இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவர்கள் அங்கே இருப்பார்கள்.