டார்கெட்டைவிடக் கனமானது

விற்பனைப் பணியில் இருப்பவர்கள் மனநல ஆலோசனைக்கு வரும்போது முதலில் டார்கெட்டைத்தான் குறை சொல்வார்கள். பேசவிட்டுக் கேட்டால் வேறொன்று வெளியே வரும்: மேலாளரின் ஓயாத கண்காணிப்பு. போகும் இடமெல்லாம் லொகேஷன் அனுப்ப வேண்டும். வாடிக்கையாளர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே "என்ன ஆயிற்று?" என்று வாட்ஸ்அப் குழுவில் கேள்வி வரும். பகலெல்லாம் சொன்னதையே இரவில் எக்செல் தாளில் மறுபடி நிரப்ப வேண்டும்.

வேலைச்சுமையோடு, அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமையும் பறிபோகும்போதுதான் மன அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது என்று 1979இல் ஆய்வாளர் ராபர்ட் கரசெக் விளக்கினார். பிரிட்டன் அரசு ஊழியர்களிடம் நடந்த வைட்ஹால் ஆய்வும், இந்த உரிமை குறைந்தவர்களுக்கு இதய நோய் அபாயம் கூடுதல் என்று கண்டது. ஆகவே இதைத் 'தாங்கத் தெரியாதவர்களின் புலம்பல்' என்று ஒதுக்குவது அநியாயம்.

விற்பனையில் இது இன்னும் கொடுமை. எதிரில் இருப்பவரின் முகம் பார்த்துப் பேச்சை மாற்றுவதுதான் இந்தத் தொழிலின் திறமை. எழுதிக் கொடுத்ததை வரி பிசகாமல் ஒப்பிக்கச் சொன்னால் அது மங்கிவிடும். எண்ணிக்கைக்காக விரட்டினால் நடக்காத சந்திப்பும் அறிக்கையில் ஏறும். நேர்மையானவர்களுக்கு அந்தப் பொய்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. மேலாளர்களும் இதை யோசிக்க வேண்டும்: பயந்து எழுதிய அறிக்கையை வைத்து எந்த முடிவை எடுக்க முடியும்?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வை நோயாக அல்லாமல், வேலை சார்ந்த நிலையாக வரையறுத்தது. ஓயாத களைப்பு, வேலைமீது விலகலும் கசப்பும், திறன் குறைதல் ஆகியவை அதன் அடையாளங்கள். விற்பனையாளர்களிடம் நான் முதலில் கேட்பது இரண்டாவதைப் பற்றித்தான். பிடித்த வாடிக்கையாளருக்குக்கூட போன் செய்ய மனம் வரவில்லையா?

மேலாளரிடம் பொதுவாகக் குறைப்பட்டுக்கொள்வதால் பெரும்பாலும் பயனில்லை. "தினமும் மாலை ஆறு மணிக்கு முழு விவரம் தருகிறேன், இடையில் அவசரத்துக்கு மட்டும் அழையுங்கள், இரண்டு வாரம் பார்ப்போம்" என்று குறிப்பாகக் கேளுங்கள். தன் மேலதிகாரிக்குப் பதில் சொல்லும் பயத்தில் துரத்துபவர் இதற்கு இறங்கி வரலாம். அவமானப்படுத்துவதையே வழக்கமாக வைத்திருப்பவர் இறங்க மாட்டார். அங்கே நடப்பதைத் தேதியிட்டுக் குறித்து வையுங்கள், மனிதவளத் துறைக்கு எழுத்தில் கொடுங்கள், வேறு வேலையும் தேடத் தொடங்குங்கள்.

நெஞ்சுவலி வந்தால் ரிவியூ முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் அன்றே நெருங்கிய ஒருவரிடம் சொல்லி, அவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.