உறி தொங்கிய வளையத்தில் ஒரு கூடு

எங்கள் வீட்டில் வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றி ஓடும் தாழ்வாரத்து உத்திரத்தில் நான்கு இரும்பு வளையங்கள் இருக்கின்றன. ஒரு காலத்தில் அவற்றில் உறி தொங்கியது. தயிர்ப்பானை, நெய்ச்சட்டி, சில நாள் மிச்சமான பணியாரம். ஃப்ரிட்ஜ் வந்ததும் உறி போய்விட்டது, வளையங்கள் மட்டும் மிஞ்சின. சில வருடங்களுக்கு முன் அவற்றில் தென்னைநார்க் கூடைகளை மாட்டிப் பத்துமணிப்பூ வைத்தேன். பங்குனி பிறந்ததும் ஒரு கொண்டைக்குருவி ஜோடி அதில் வந்து குடியேறியது. தண்ணீர் ஊற்றப் போனால் தலைக்கு மேல் கத்தல், ஊற்றாவிட்டால் செடி வாடல். பூவும் போனது, நிம்மதியும் போனது.

எதிர்வீட்டு ஆச்சி பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். “பூனைக்கு எட்டாதுன்னுதானே தம்பி நாம அங்க தயிரை வச்சோம். அதுக்கும் அதே கணக்குத்தான்.”

விஷயம் முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. கூடு கட்ட இடம் தேடும் பறவைக்கு முதல் கவலை முட்டையைத் தின்ன வருபவர்கள். எங்கள் பக்கத்தில் அந்தக் கூட்டம் பெரிது. தரையிலிருந்து பூனை, கீரி, ஓணான், சாரைப்பாம்பு. வானத்திலிருந்து காக்கை, வல்லூறு. புதருக்குள் நுழைந்து துழாவும் செம்போத்து. சங்கிலியில் தொங்கும் கூடைக்குக் கீழேயிருந்து ஏறிவரக் கிளை கிடையாது. மேலே தாழ்வாரத்து ஓடு மழையையும் வெயிலையும் காக்கையின் கண்ணையும் மறைக்கிறது. பக்கவாட்டில் இலைகள் திரைபோல விழுகின்றன. போதாததற்கு, கூட்டுக்கு வேண்டிய நாரும் கூடையிலேயே இருக்கிறது. மனிதர்கள் நடமாடும் இடமாயிற்றே என்றால், அதுவும் ஒருவகையில் லாபம்தான்: ஆள் புழங்கும் முற்றத்துக்குள் செம்போத்து வரத் தயங்கும்.

இனி யார் யார் வருகிறார்கள் என்று பார்க்கலாம். எல்லாப் பறவைக்கும் ஒரே மருந்து கிடையாது. வாலடியில் சிவப்புத் திட்டுள்ள கொண்டைக்குருவி, சில ஊர்களில் சின்னான் என்பார்கள், அதுதான் இதில் முக்கியமான ஆள். அதற்குத் தேங்காய்ச் சிரட்டை உட்காரும் அளவுக்கு ஒரு பள்ளம் வேண்டும். தவிட்டுப்புறாவுக்கு அவ்வளவு நுணுக்கம் இல்லை. சமதளம் ஒன்று கிடைத்தால் பத்துப் பதினைந்து சுள்ளிகளைப் போட்டு, அதையே கூடு என்று சொல்லிக்கொள்ளும். தேன்சிட்டு கூடைக்குள் வராது. சங்கிலியிலோ தொங்கும் கொடியிலோ சிலந்தி நூலால் தன் பையைக் கட்டிக்கொள்ளும். அது செடிக்கு ஒரு தொந்தரவும் செய்வதில்லை, விட்டுவிடலாம். சிட்டுக்குருவிக்குப் பொந்து வேண்டும். ஓட்டுச் சந்தும் உத்திர இடுக்கும் இருக்கும்வரை அது திறந்த கூடையைத் திரும்பிப் பார்ப்பது அபூர்வம்.

சரி, எப்படித் தடுப்பது? பெரும்பாலோர் முதலில் செய்வது பயமுறுத்துவது. பழைய சிடியைக் கட்டித் தொங்கவிடுவார்கள், பிளாஸ்டிக் ஆந்தை வாங்கி வைப்பார்கள், மினுமினுக்கும் நாடா கட்டுவார்கள். நானும் சிடி கட்டினேன். இரண்டு நாள் குருவி அந்தப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் சிடி கட்டிய கயிற்றின் மேலேயே உட்கார்ந்து இறகைக் கோதிக்கொண்டிருந்தது.

இதற்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. 1937-ல் விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கான்ராட் லாரென்ஸும் நிக்கோ டின்பெர்கனும் அட்டையில் வெட்டிய ஒரு பறவை நிழலுருவைக் கோழிவகைக் குஞ்சுகளுக்கும் வாத்துக் குஞ்சுகளுக்கும் மேலே கம்பியில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஒரு பக்கமாக ஓட்டினால் அது குட்டைக் கழுத்தும் நீள வாலும் கொண்ட பருந்து. மறுபக்கமாக ஓட்டினால் நீளக் கழுத்து வாத்து. பருந்தாக ஓடியபோது குஞ்சுகள் பதறின என்பதால், எதிரியின் உருவம் பிறவியிலேயே மூளையில் பதிந்திருக்கிறது என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். 1961-ல் வோல்ஃப்காங் ஷ்லைட் என்ற ஆய்வாளர் வான்கோழிகளை வைத்து அதையே கவனமாகச் செய்துபார்த்தார். எந்த உருவத்தை அடிக்கடி காட்டினாரோ அதை வான்கோழிகள் சட்டை செய்யவில்லை. எது அபூர்வமாக வந்ததோ அதற்குத்தான் கத்தின, அது பருந்தோ வாத்தோ வெறும் வட்டமோ.

தினமும் வந்தும் ஒன்றும் செய்யாத பொருளுக்குப் பயப்படுவதை மூளை நிறுத்திவிடுகிறது. பழகிப்போதல் என்று பேச்சில் சொல்கிறோமே, உயிரியலிலும் அது ஒரு கற்றல் வகைதான், மிக எளிமையான வகை. வயலில் சோளக்கொல்லைப் பொம்மையின் தலையிலேயே காக்கை உட்காருவது இதனால்தான். பிளாஸ்டிக் ஆந்தையை இரண்டு நாளைக்கு ஒருமுறை இடம் மாற்றினால் கொஞ்ச காலம் கூடுதலாக ஓடும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

கடைகளில் விற்கும் மீயொலிக் கருவியை வாங்குமுன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் காதுக்கு எட்டும் உச்சம் நொடிக்கு 20,000 அதிர்வு. அதற்கு மேல் இருப்பதுதான் மீயொலி. பெரும்பாலான பறவைகளின் காது மிகக் கூர்மையாக வேலை செய்வது 1,000-க்கும் 5,000-க்கும் இடையில். மேல் எல்லையில் நம்மைவிடக் குறைவாகவே அவற்றுக்குக் கேட்கும். நமக்கே கேட்காத சத்தத்தால் கொண்டைக்குருவியை எப்படி விரட்டுவது?

செட்டிநாட்டில் இருந்துகொண்டு மிளகாய்த்தூளைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. கூடையைச் சுற்றித் தூவச் சொல்பவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். கிளிக்கு மிளகாய்ப்பழம் ஊட்டிய யாருக்கும் இதற்கு விடை தெரியும். மிளகாயின் காரம் கேப்சைசின் என்ற பொருளிலிருந்து வருகிறது. நம் நாக்கிலும் தோலிலும் சூட்டை உணரும் ஒரு புரதம், டிஆர்பிவி1 என்று பெயர், கேப்சைசின் பட்டதும் திறந்துகொண்டு “சுடுகிறது” என்று நரம்புக்குச் சொல்லும். பறவைகளிடமும் அந்தப் புரதம் உண்டு. ஆனால் அதன் அமைப்பில் உள்ள சிறு மாற்றத்தால் கேப்சைசின் அதைத் திறப்பதில்லை. 2002-ல் கோழியின் புரதத்தை வைத்து இதைக் காட்டிய இருவரில் ஒருவர் டேவிட் ஜூலியஸ். இந்தப் புரதத்தைக் கண்டறிந்த வேலைக்காகத்தான் 2021-ல் அவர் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மிளகாய்ச் செடிக்கு இது வசதி. கடித்து விதையை நொறுக்கும் எலிக்குக் காரம் எரிகிறது. விதையை முழுதாக விழுங்கித் தூரத்தில் போடும் பறவைக்கு ஒன்றும் தெரிவதில்லை. கொண்டைக்குருவி மிளகாய்ப்பழத்தை விரும்பித் தின்னும். ஆக, தூவிய தூள் காற்றடித்தால் நம் கண்ணுக்குத்தான் வரும்.

பாச்சை உருண்டை வேண்டவே வேண்டாம். பறவை அதற்கு மசியாது, அதன் ஆவி குஞ்சுக்கும் நமக்கும் கெடுதல். ஒட்டும் பசை தடவுவது கொடுமை. இறகில் பட்டால் பறவை பறக்க முடியாமல் சாகும்.

பயமுறுத்துவதை விட்டுவிட்டு இடத்தைக் கெடுப்பதுதான் வேலைக்கு ஆகும். குருவி தேடுவது சிரட்டை அளவுப் பள்ளம் என்றால், அந்தப் பள்ளம் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். நான் செய்தது இது: தென்னை விளக்குமாற்றிலிருந்து தடித்த ஈர்க்குகளைச் சாண் நீளத்துக்கு நறுக்கி, செடிகளுக்கு நடுவே மூன்று விரல் இடைவெளியில் நட்டமாகக் குத்தினேன். முனையை மழுக்கிக்கொண்டேன், கண்ணைக் குத்திவிடக்கூடாதே. இலை வளர்ந்ததும் ஈர்க்கு வெளியே தெரிவதில்லை. குருவி வந்து உட்கார்ந்து பார்க்கும், உடம்பைச் சுழற்றிப் பார்க்கும். அப்படி நெஞ்சால் அழுத்திச் சுழன்றுதான் அது கூட்டுக்குக் கிண்ண வடிவம் கொடுக்கிறது. சுழல முடியாத இடத்தில் கிண்ணம் வராது. இதற்குப் பழகிப்போகவும் வழியில்லை. பயம் தெளியும், இடைஞ்சல் தெளியாது.

வலையும் போடலாம். மண்ணின் மேல் இறுக்கி விரித்து, செடித் தண்டுக்கு மட்டும் கீறிவிட வேண்டும். கொசுவலை அளவுக்குச் சின்னக் கண்ணாக இருக்கட்டும். தொளதொளவென்று தொங்கும் பெரிய கண் வலையில் பறவையின் காலும் பாம்பின் உடலும் சிக்கிக்கொள்ளும். ஆள் இருந்து பார்த்துக்கொள்ளக்கூடிய வீடென்றால் இன்னொரு வழி உண்டு. இடம் பார்க்கும் அந்த ஒரு வாரத்தில் கூடையைத் தினமும் வேறு வளையத்துக்கு மாற்றி மாட்டுங்கள். சுற்றியுள்ள தூண், உத்திரம், சுவர் இவற்றை அடையாளம் வைத்துத்தான் பறவை இடத்தை நினைவில் கொள்கிறது. காலையில் நார் கொண்டுவந்து வைத்த இடம் மாலையில் இல்லையென்றால் அது வேறு புதரைத் தேடிப் போய்விடும்.

இதெல்லாம் முதல் முட்டைக்கு முன்பு மட்டும். கொண்டைக்குருவி சில நாளில் கூட்டை முடித்துவிடும். அந்த நாட்களில் கிடக்கும் நாரை எடுத்துப் போட்டால் அதற்குப் பெரிய நஷ்டமில்லை. முட்டை விழுந்த பின் கணக்கே வேறு. நாள் ஏற ஏற அது செலவழித்த உழைப்பும் ஏறுகிறது, விட்டுப்போகத் தயக்கமும் ஏறுகிறது. நாம் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது கட்டுக்கதை. ஆனால் அடைகாக்கும் தொடக்க நாட்களில் ஓயாமல் தொந்தரவு செய்தால் விட்டுப்போவது நடக்கும். சட்டமும் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் குலைப்பதை வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே சேர்த்திருக்கிறது.

முட்டை வந்துவிட்டது, என்ன செய்ய? பொறுக்க வேண்டியதுதான், அதிகமில்லை. இரண்டோ மூன்றோ முட்டை, அடைகாக்க ஏறக்குறைய 14 நாள், குஞ்சு கூட்டை விட்டுக் கிளம்ப இன்னும் ஒரு 12 நாள். எங்கள் சிவகங்கை மாவட்டத்துப் பொத்தகுடியில் 2020-ல் தெருவிளக்குச் சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு குருவி கூடு கட்டிவிட்டது என்று ஊரே ஒரு மாதத்துக்கும் மேல் இருட்டில் நடந்தது. ஒரு பூச்செடிக்காக நாம் அலுத்துக்கொள்வது கொஞ்சம் அதிகம்தான்.

அந்த நாட்களில் தண்ணீரை நீள மூக்குக் குவளையால் கூடையின் விளிம்பில் மட்டும் சன்னமாக ஊற்றுங்கள். கூடு நனையக்கூடாது. இறகு முளைக்காத குஞ்சால் உடல் சூட்டைத் தானாகக் காத்துக்கொள்ள முடியாது, நனைந்தால் விறைத்துவிடும். அதே காரணத்துக்காகக் கூடையை வெயிலுக்கும் நகர்த்தக்கூடாது. பத்துமணிப்பூ சதைப்பிடிப்பான இலைக்காரி, அரைகுறைத் தண்ணீரில் மாதத்தை ஓட்டிவிடும். எச்சத்தைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். கொண்டைக்குருவிக் குஞ்சின் எச்சம் மெல்லிய சவ்வில் பொட்டலம் கட்டியதுபோல வெளிவரும், பெற்றோர் அதை அலகால் எடுத்து அப்புறப்படுத்திவிடும். புறாக் குஞ்சுக்கு அந்த வசதி கிடையாது. தவிட்டுப்புறா கட்டிய கூடைக்குக் கீழே பழைய சாக்கு ஒன்றை விரித்துவிடுங்கள், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் கறை ஏறினால் தேய்த்து மாளாது.

குஞ்சுகள் பறந்ததும், இரண்டு நாள் பார்த்துவிட்டுக் கூட்டை எடுத்துவிடலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கூட்டில் பேன் இருக்கும். எடுத்த அன்றைக்கே ஈர்க்குகளையும் குத்திவிட வேண்டும். கொண்டைக்குருவி ஒரே பருவத்தில் மறுபடி முட்டையிடக்கூடியது, நல்ல இடத்தை மறக்காது. இந்த வருடம் மூன்று கூடையில் குத்தியிருக்கிறேன். கொல்லைப்புறம் பார்த்த நாலாவது வளையத்தில் செடி இல்லாத பழைய ஓலைக்கொட்டான் ஒன்றை, உள்ளே ஒரு பிடி நாரோடு மாட்டிவைத்தேன். நேற்று அதன் விளிம்பில் ஒன்று உட்கார்ந்து, உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.