தெருவில் சாக்கடைக்குத் தோண்டினால் முதலில் குடிநீர்க் குழாயில் மாட்டிய மோட்டாரைக் கழற்றுங்கள்

பழைய பாதாளச் சாக்கடைக் குழாய்களை மாற்றிப் போடுவது என் வேலை. வேலை முடிந்து, பள்ளத்தை மூடி, மேலே சாலையும் போட்டு ஒரு மாதம் ஆகியிருக்கும். அதே தெருவில் இரண்டு வீட்டில் மஞ்சள் காமாலை என்று செய்தி வரும். விசாரித்தால் "வெளிச் சாப்பாடு ஒத்துக்கலை" என்பார்கள். போன வாரமும் அப்படித்தான். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

ராமநாதபுரம் கடலோர மண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆள் உயரம் தோண்டுவதற்குள் பல இடங்களில் தண்ணீர் வந்துவிடும், அதுவும் உப்பாக. உப்பும் சாக்கடை வாயுவும் சேர்ந்தால் கான்கிரீட் குழாய் அரித்துப்போகும். பழைய ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்) குழாயின் இணைப்புகளோ எப்போதோ விட்டுப்போயிருக்கும். அதை எடுக்கப் பள்ளம் வெட்டினால் ஊற்றுத் தண்ணீரும் கழிவுநீரும் கலந்து இடுப்பளவு நிற்கும். அந்தப் பள்ளத்தின் குறுக்கே, கயிற்றில் கட்டித் தொங்கும் மெல்லிய பிவிசி குழாயைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் உங்கள் வீட்டுக் குடிநீர்க் குழாய். சில நேரம் அது அந்தத் தண்ணீரிலேயே மூழ்கிக் கிடக்கும்.

"தண்ணிதான் பிரஷரா வருதே, சாக்கடை எப்படி சார் உள்ள போகும்?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே என் தொண்டை வறண்டுவிட்டது. பிரஷர் எப்போது இருக்கிறது? தண்ணீர் விடும் அந்த ஒன்றிரண்டு மணி நேரம். மற்ற நேரமெல்லாம் குழாய் காலி. காலிக் குழாயில் மயிரிழை விரிசல் இருந்தாலும் வெளியே நிற்கும் தண்ணீர் உள்ளே இறங்கும். சரி, தண்ணீர் விடும் நேரத்திலாவது பிரஷர் இருக்கிறதா? நீங்கள்தான் குழாயில் நேரடியாக மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறீர்களே! ஓட்டை ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சினால் இளநீரோடு காற்றும் வாய்க்குள் வரும். இங்கே காற்றுக்குப் பதில் பள்ளத்துத் தண்ணீர் வருகிறது. உங்கள் மோட்டார் இழுப்பது பக்கத்து வீட்டுக் குழாய்க்கும் போகும். மோட்டாரே வைக்காத வீட்டுக் குழந்தைக்குக் காமாலை வருவது இப்படியும்தான்.

ஒரு வீட்டில் கேட்டேன். அந்த அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்: "நாலு நாளைக்கு ஒருக்கா வர்ற தண்ணி தம்பி. நான் போடாட்டி எதிர்த்த வீட்டுல உறிஞ்சிருவாங்க." நியாயம்தான், மறுக்க முடியவில்லை. ஆனால் அவர் காட்டிய குடத்தில் மேலே தெளிவு, அடியில் கறுப்பாகக் கசடு. முகர்ந்து பார்க்கச் சொன்னேன். அப்புறம் அவர் சிரிக்கவில்லை.

காமாலைக் கிருமி உடம்புக்குள் போய் 2 வாரம் முதல் 2 மாதம் வரை கழித்துத்தான் கண் மஞ்சளாகும். அதற்குள் பள்ளம் மறந்து போயிருக்கும், பழி பரோட்டாக் கடைமேல் விழும். தண்ணீரில் பரவும் ஹெபடைடிஸ் 'ஈ' (E) வகைக் காமாலை கர்ப்பிணிகளின் உயிரையே எடுக்கக்கூடியது. தயவுசெய்து இதை அலட்சியப்படுத்தாதீர்கள்.

"எங்க வீட்டுல ஆர்.ஓ. இருக்கு" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது ஒழுங்காக இருந்தால் கிருமியைத் தடுக்கும்தான். கடைசியாக எப்போது அதன் மெம்பிரேனை (வடிகட்டும் சவ்வை) மாற்றினீர்கள்? பல் துலக்குவதும் பாத்திரம் கழுவுவதும் எந்தத் தண்ணீரில்?

வேலை நடக்கும் நாட்களில் நேரடி மோட்டாரைக் கழற்றிவிடுங்கள். தண்ணீர் தானாகத் தரைத்தொட்டியில் விழட்டும், அங்கிருந்து மாடிக்கு ஏற்றிக்கொள்ளலாம். முதலில் வருவதைப் பிடிக்காமல் ஓடவிடுங்கள். குடிப்பதற்குக் கொதிக்க வையுங்கள். வெதுவெதுப்பு போதாது, தளதளவென்று கொதிக்க வேண்டும். தொட்டிக்கு 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். கரைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றி 1 மணி நேரம் விடுங்கள். சாக்கடைச் சேம்பருக்குப் பக்கத்திலேயே தரைமட்டத்தில் தொட்டி வாயை வைத்திருப்பவர்கள் இப்போதாவது விளிம்பை உயர்த்திக் கட்டுங்கள்.

வீட்டுக்குள் நாற்றம் வந்தால் எங்களைத் திட்டுவதற்கு முன் குளியலறைத் தரையில், தண்ணீர் தங்கி நாற்றத்தைத் தடுக்கும் நானி டிராப்பில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அது காய்ந்துதான் கிடக்கும். தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பு எடுக்கும் ஜெட்டிங் வண்டி வந்தால் கழிப்பறை மூடியை மூடி வையுங்கள். அடைப்பு எடுக்க ஆளைக் குழிக்குள் இறக்கவே கூடாது. பாதுகாப்புக் கருவி தராமல் இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றம். கழிவுநீர் அகற்றும் உதவி எண் 14420-க்குப் போன் போடுங்கள்.

வேலை முடிந்ததும் இடத்தில் இருக்கும் பொறியாளரிடம் "குழாயைக் கழுவி விட்டாச்சா, குளோரின் பார்த்தாச்சா?" என்று கேளுங்கள். வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். உங்கள் கண் முன்னாலேயே சோதனைக் குப்பியில் தண்ணீர் பிடித்து மருந்து விடச் சொல்லுங்கள். குளோரின் இருந்தால் நிறம் மாறும். மாறவில்லை என்றால் மோட்டாரை மாட்டாதீர்கள், அவரையும் போகவிடாதீர்கள்.