வேலூர் வெயிலில் ஒரு பவளத் தொட்டி

கோடை வந்தால் எங்கள் காட்பாடி வீட்டில் மண்பானைக்கு வேலை வந்துவிடும். பானையின் மேல் கசியும் ஈரம் ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டையும் சேர்த்து எடுத்துப்போகிறது. ஹாலில் இருக்கும் என் 100 லிட்டர் பவளத் தொட்டி உயிரோடு இருப்பதும் இந்தக் கணக்கில்தான்.

பவளம் கல்லும் இல்லை, செடியும் இல்லை. அது ஒரு விலங்கு. அதன் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தில் அவை தயாரிக்கும் உணவில் பெரும்பங்கு பவளத்துக்குத்தான் போகிறது. தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் இந்த உறவு முறிந்துவிடும். பாசிகளை இழந்த பவளம் வெளுத்து, பட்டினியில் வாடும். தொட்டிக்கு 25 முதல் 27 டிகிரி நல்லது. வேலூரிலோ மே மாத மதியம் 40ஐத் தாண்டுவது சாதாரணம்.

தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் மெஷின் வாங்க முடிந்தால் சரி. இல்லையென்றால் தண்ணீர்ப் பரப்பின் மேல் காற்று படும்படி ஒரு சின்ன ஃபேன் வையுங்கள். 100 லிட்டரில் ஒரு டிகிரி சூடு இறங்க, சுமார் 170 மில்லி ஆவியானால் போதும். ஒரு டம்ளர்கூட இல்லை! நம் ஊர்க் கோடையின் வறண்ட காற்று இதற்கு நல்ல துணை. ஆனால் அறையின் சூடு ஓயாமல் உள்ளே ஏறிக்கொண்டே இருப்பதால், ஒரு நாளில் லிட்டர் கணக்கில் தண்ணீர் குறையும்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. 5 லிட்டர் ஆவியாகிவிட்டால் அது கிட்டத்தட்ட 37 ஆகிவிடும். குறைந்ததை உப்புத் தண்ணீரால் நிரப்பினால் இன்னும் ஏறும். கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, தினமும் அந்தக் கோடு வரை உப்பில்லாத சுத்தத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

சுத்தத் தண்ணீர் எது? நம் போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். வாட்டர் ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தாலே தெரியும். சமையலறை ஆர்ஓ தண்ணீரை நம்பித்தான் நான் தொடங்கினேன். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்தால் 70. ருசிக்காகக் கொஞ்சம் ஆர்ஓ வடிகட்டாத தண்ணீரை அந்த மெஷினே கலக்கிறது. அதோடு வரும் நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் எல்லாம் வேண்டாத பாசிக்குத் தீனி. ஆர்ஓவுக்குப் பின்னால், மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் ஒரு டிஐ ரெசின் குழாய் சேர்த்து, மீட்டர் 0 காட்டும் தண்ணீரையே தினமும் ஊற்ற வேண்டும். தொட்டியை முதலில் நிரப்பக் கடல் தொட்டி உப்பைக் கரைப்பதும் அதில்தான். கல்லுப்பு உதவாது. பவளத்துக்கு வேண்டிய கால்சியமும் மக்னீசியமும் அதில் போதாது.

அப்புறம் காத்திருப்பு. கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். இவை தொட்டிக்குள் வைத்த பாறையில் பெருகி நிலைக்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். தினமும் மாலையில் சோதனைக் குழாயை ஜன்னலருகே பிடித்துப் பார்ப்பேன். பச்சையாக இருந்த அம்மோனியா நிறம் ஒரு நாள் தெளிந்த மஞ்சளாக நின்றபோது வந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் ஆன பிறகே உயிரினம் எதையும் விட வேண்டும். நைட்ரேட் சிறிதளவு இருக்கலாம், மென்பவளங்களுக்கு அது தேவையும்கூட.

வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். கல் பவளங்கள் எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவில் உடைத்த பவளப் பாறைத் துண்டு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். செராமிக் பாறையே பாக்டீரியாவுக்குப் போதும்.

முதல் பவளமாகக் காளான் பவளத்தைச் சொல்வேன். மங்கலான வெளிச்சத்தையும் சிறு தவறுகளையும் தாங்கும். பட்டன் போன்ற ஜோவாந்தஸும் எளிதுதான், ஆனால் சிலவற்றில் கடும் நஞ்சு உண்டு. கையுறை இல்லாமல் தொடக்கூடாது, அது ஒட்டிய கல்லை வெந்நீரில் போடவும் கூடாது.

வந்த பவளத்தை அடித்தளத்தில், வெளிச்சம் குறைந்த ஓரத்தில் வைத்து, வாரக்கணக்கில் மெல்ல மேலே ஏற்றுங்கள். தண்ணீரைச் சுழற்றும் வேவ்மேக்கரை மட்டும் இன்வெர்ட்டர் லைனில் மாட்டிவிடுங்கள். கரண்ட் போன மதியம் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு, அசைவும் நின்றுவிட்டால் பவளம் வாயை மூடிச் சுருங்கிவிடும்.