வேலூர் வெயிலில் நாலு வருஷம் தாங்க வேண்டிய லேப்டாப்

ஜூன் பிறந்தால் ஆபீசர்ஸ் லைன் பக்கமும் காட்பாடி ரோட்டிலும் அப்பாவும் பிள்ளையுமாகக் கடை ஏறி இறங்குவார்கள். முதல் கேள்வி பெரும்பாலும் "ஐ5-ஆ, ஐ7-ஆ?" என்பதுதான். அதே லேப்டாப் மூன்றாம் வருஷம் சர்வீஸ் மேஜைக்கு வரும்போது ப்ராசஸரில் கோளாறு இருப்பது அபூர்வம். ரேம் போதவில்லை, பேட்டரி உப்பிவிட்டது, ஃபேனில் தூசி அடைத்துச் சூடு தாங்கவில்லை, மூடி திறக்கும் இடத்தில் ஹிஞ்ச் பிய்ந்துவிட்டது: இவைதான் வருகின்றன. கடையில் யாரும் இதைப் பற்றியெல்லாம் கேட்பதில்லை.

கடைக்குப் போவதற்கு முன்னால், சேரப்போகும் துறையில் லேப் அசிஸ்டன்டையோ ஒரு சீனியரையோ பிடித்து எந்தெந்த சாஃப்ட்வேர் ஓட வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். மெக்கானிக்கல், சிவில் பிள்ளைகளுக்கு இது மிக முக்கியம். சாலிட்வொர்க்ஸ், ரெவிட், ஆன்சிஸ் மூன்றும் மேக்கில் நேரடியாக ஓடாதவை, விண்டோஸ் லேப்டாப்தான் சரி. ஆசைப்பட்டு மேக்புக் வாங்கிவிட்டு இரண்டாம் வருஷம் லேப் கம்ப்யூட்டருக்கு வரிசையில் நிற்பது வேண்டாத வேலை. ஆட்டோகேட்டை உருவாக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் மாணவர்களுக்கு ஒரு வருஷ உரிமத்தை இலவசமாகத் தருகிறது. தகுதி இருக்கும்வரை வருஷா வருஷம் புதுப்பித்துக்கொள்ளலாம். கணக்கீடுகளுக்கான மேட்லேப் சாஃப்ட்வேர் கல்லூரி உரிமத்தில் கிடைக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அடிப்படைப் பாடங்களுக்கு குனு ஆக்டேவ் போதும், காசு கிடையாது.

பி.காம். படிப்பவர்களுக்கு கணக்கெழுதும் சாஃப்ட்வேரான டேலி பிரைமின் எஜுகேஷன் மோடு இலவசம். அதில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் வவுச்சர் போட முடியும். பயிற்சிக்கு அது தாராளம். தமிழ் இலக்கியம் படிப்பவர்கள் முதல் நாளிலிருந்தே யூனிகோடில் தட்டச்சு செய்யப் பழகுங்கள். விண்டோஸ் 11-இல் தமிழ் 99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் ஆய்வேட்டை அடித்துவிட்டுக் கடைசி வாரத்தில் எழுத்துரு மாற்றும் மென்பொருளால் யூனிகோடுக்கு மாற்றினால், ஒற்றும் கொம்பும் எங்கெங்கோ தாவியிருக்கும். முன்னூறு பக்கத்தையும் திரும்பப் படித்துத் திருத்த வேண்டும்.

கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு ஆப் எழுத உதவும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவும், திரையிலேயே போன் போல ஓடும் எமுலேட்டரும் சேர்ந்து ஓட 16 ஜிபி ரேம் வேண்டும். மெஷின் லேர்னிங் என்றால் என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு உதவும், அந்தக் கணக்குகளை கிராஃபிக்ஸ் கார்டில் ஓட்டும் குடா (CUDA) மென்பொருள் அதில்தான் ஓடும். ஆனாலும் முதல் இரண்டு வருஷப் பாடங்களுக்கு பிரவுசரிலேயே ஓடும் கூகுள் கோலாப் போதும். கேமிங் லேப்டாப்பை "படிப்புக்குத்தான்" என்று அப்பாவிடம் விற்கும் பிள்ளைகளுக்கு ஒரு தகவல்: எடை இரண்டே கால் கிலோ, சார்ஜர் தனியாக ஒரு செங்கல், பேட்டரி மத்தியானம் வரை வந்தால் பெரிது.

இனி ரேம். விண்டோஸ் 11 சும்மா திறந்து வைத்தாலே 3 முதல் 4 ஜிபி வரை எடுத்துக்கொள்ளும். குரோமில் பத்து டேப், ஒரு மீட்டிங், ஒரு பிடிஎஃப் என்று சேர்ந்தால் 8 ஜிபி நிரம்பிவிடும். அப்போது விண்டோஸ் மிச்சத்தை ஃபைல்கள் சேமிக்கும் எஸ்எஸ்டியில் கொட்டி எடுக்கும்; எஸ்எஸ்டி எவ்வளவு வேகமானாலும் ரேமுக்கு ஈடாகாது. அதனால்தான் புது லேப்டாப்பும் இழுக்கிறது. 8 ஜிபியில் வாங்குவது தவறல்ல, பிறகு ஏற்ற முடியாத 8 ஜிபியை வாங்குவதுதான் தவறு. மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம் போர்டோடு சேர்த்து ஒட்டப்பட்டிருக்கும்.

"அண்ணா, இதுல பின்னாடி ரேம் ஏத்திக்கலாமா?"

"ஏத்திக்கலாம் தம்பி, அதெல்லாம் பாத்துக்கலாம்."

இந்தப் "பாத்துக்கலாம்" பதிலல்ல. டிஸ்ப்ளேயில் வைத்திருக்கும் பீஸிலேயே நீங்கள் பார்த்துவிடலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. கீழே 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்ற வரியில் '1 ஆஃப் 2' என்றும், 'ஃபார்ம் ஃபேக்டர்' வரியில் 'எஸ்ஓடிஐஎம்எம்' என்றும் இருந்தால் இன்னொரு ரேம் போட இடம் உண்டு. 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் அது ஒட்டிய ரேம். அதில் 16 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள். ஒற்றை 8 ஜிபியோடு பின்னால் இன்னொரு 8 சேர்த்தால் இன்னொரு லாபமும் உண்டு: இரண்டும் ஜோடியாக வேலை செய்வதால், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் படம் காட்டும் வேகமும் கூடும்.

ப்ராசஸர் பெயர்களில் ஒரு சூட்சுமம் உண்டு. இன்டெலில் எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தைப் பாருங்கள். 'யு' என்றால் 15 வாட் வகை, 'எச்' என்றால் 45 வாட் வகை. சிமுலேஷன் போல நெடுநேரம் ஓடும் வேலையில் எச் வகை ஐ5, யு வகை ஐ7-ஐ முந்திவிடுவது உண்டு. ஏஎம்டி ரைசனின் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் கட்டமைப்பின் வயதைச் சொல்லும். 7520யு என்பதில் 2, அதாவது ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பு. 7530யு என்பது ஜென் 3. பத்து எண்தான் வித்தியாசம் என்று தோன்றும், ஒரு தலைமுறை தள்ளி நிற்கிறது. 7520யு வந்தால் ரேமும் ஒட்டியதுதான். அந்தச் சிப், போர்டில் ஒட்டி வரும் எல்பிடிடிஆர்5 வகை ரேமை மட்டுமே ஏற்கும்.

எஸ்எஸ்டி 512 ஜிபி, என்விஎம்இ வகை. அதைவிட மெதுவான இஎம்எம்சி என்று போட்டிருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

வெயிலுக்கு வருவோம். மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு என்று வேலூரைக் கேலி செய்வார்கள். லேப்டாப்புக்கு அது கேலியல்ல. பெரும்பாலான லேப்டாப்புகள் 35 டிகிரி வரையிலான அறை வெப்பத்துக்கென்று வடிவமைக்கப்பட்டவை. கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் ஹாஸ்டல் அறை அந்தக் கணக்கைத் தாண்டிவிடும். ப்ராசஸர் சூடு 100 டிகிரியை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். "காலையில நல்லா ஓடுது, மத்தியானம் ஆனா ஹேங் ஆகுது" என்ற புகாரில் பாதி இதுதான், வைரஸ் இல்லை. மெத்தையில் வைத்து ஓட்டினால் அடிப்பக்கக் காற்றுத் துவாரம் அடைபடும். ஒரு பரீட்சை அட்டை போதும், அடியில் வையுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை பிப்ரவரி, மார்ச்சிலேயே ஃபேனைத் திறந்து சுத்தம் செய்துவிடுங்கள்.

பேட்டரிக்கு எதிரி இரண்டு: சூடு, எந்நேரமும் நூறு சதவீதம். நாள் முழுக்கச் சார்ஜரில் போட்டுப் படிப்பவர்கள் 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். லெனோவோ வான்டேஜ், மைஆசுஸ் ஆப்களில் இந்த வசதி இருக்கும். எச்பி, டெல் மாடல்கள் பலவற்றில் பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) இருக்கும். பராமரிப்புக்காகக் காலையிலிருந்து கரண்ட் இருக்காது என்று முன்கூட்டியே தெரிந்தால் முதல் நாள் இரவு மட்டும் நூறுக்கு ஏற்றிக்கொள்ளலாம். டச்பேட் ஒரு பக்கம் தூக்கியிருக்கிறது, கிளிக் ஆகவில்லை என்றால் பேட்டரி உப்புகிறது. சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், அப்படியே சர்வீஸுக்குக் கொண்டு போங்கள்.

இன்னொன்று: சார்ஜர் போட்டிருக்கும்போது மெட்டல் பாடியில் கை வைத்தால் ஜிவ்வென்று இருக்கும், கர்சர் தானாகத் துள்ளும். லேப்டாப்பைக் குறை சொல்லி மாற்றித் தரக் கேட்பார்கள். சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். கர்சர் அடங்கிவிட்டால் சுவிட்ச் போர்டில் எர்த் இல்லை என்று பொருள். அடாப்டருக்குள் இரைச்சலை வடிகட்டும் சின்ன கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் துளி மின்சாரம் எர்த்துக்குப் போக வழியில்லாமல் பாடிக்கு வருகிறது. மூன்று பின் சார்ஜரை இரண்டு பின் கன்வெர்ட்டரில் செருகினாலும் இதே கதைதான். பார்க்க வேண்டியவர் எலெக்ட்ரீஷியன்.

கடையில் "நாங்களே எல்லாம் செட்டப் பண்ணித் தர்றோம்" என்பார்கள். செய்யட்டும், ஆனால் உங்கள் மெயில் ஐடியில். கடைப் பையன் தன் ஐடியைப் போட்டு ஓப்பன் பண்ணிவிட்டால் இரண்டு வினைகள் உண்டு. லேப்டாப்போடு வந்த எம்எஸ் ஆபீஸ் உரிமம் அவர் கணக்கில் ஒட்டிக்கொள்ளும். விண்டோஸ் 11 டிஸ்க்கைத் தானாகவே பூட்டி, திறவுகோலான 48 இலக்க ரெகவரி கீயை உள்ளே நுழைந்த கணக்கில் சேமித்து வைக்கும். பிறகு பயாஸ் அப்டேட்டுக்குப் பின்போ போர்டு மாற்றியபோதோ நீலத் திரையில் அந்த 48 இலக்கத்தைக் கேட்டால், அந்தப் பையன் எங்கே இருக்கிறார் என்று தேடுவீர்கள். கிடைக்காவிட்டால் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் உள்ளேயே போய்விடும்.

கிராக் சாஃப்ட்வேர் வேண்டாம் என்பதற்கு நீதி போதனை தேவையில்லை. அதைப் போட ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும்போதே புரிந்துகொள்ளுங்கள். ஃபைல்களையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் பலவும் இந்த வழியாகத்தான் நுழைகின்றன. கல்லூரி மெயில் ஐடி இருந்தால் மைக்ரோசாஃப்ட் 365-இன் இணையப் பதிப்பு இலவசமாகக் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் லிப்ரே ஆபீஸ்.

செகண்ட் ஹேண்ட் எடுப்பதாக இருந்தால் இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம். விண்டோஸ் 11 அவற்றை முறைப்படி ஏற்பதில்லை, விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. கம்பெனிகள் கழித்துவிட்ட லேப்டாப் என்றால், உங்கள் கண் முன்னால் ரீசெட் செய்து இன்டர்நெட்டோடு இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரோடு லாகின் கேட்டால் அது இன்னும் அவர்கள் பிடியில் இருக்கிறது. 2025-26 தமிழக பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு அறிவித்த டேப் அல்லது லேப்டாப் பட்டியலில் உங்கள் பிள்ளை வருகிறாரா என்று கல்லூரியில் கேட்டுவிட்டு முடிவெடுத்தால் கடன் வாங்குவது மிச்சமாகலாம்.

வாரண்டி ஆன்சைட்டா (ஆள் நம் இடத்துக்கே வந்து பார்ப்பதா), கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதா? கொண்டுபோவது என்றால் வேலூரிலேயேயா, சென்னைக்கா? பரீட்சை வாரத்தில் இந்த ஒரு கேள்விதான் விலையைவிடப் பெரிதாகத் தெரியும். 18 சதவீத ஜிஎஸ்டி பில்லில் பிள்ளையின் பெயரும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை அங்கேயே நின்று பெட்டியோடும் மெஷினின் அடிப்பக்கத்தோடும் ஒப்பிட்டு, நிறுவனத்தின் வாரண்டி பக்கத்தில் போட்டுப் பாருங்கள். தொடக்கத் தேதி ஆறு மாதம் முன்னதாகக் காட்டினால், பில்லைக் கொடுத்துத் தேதியைத் திருத்தி வாங்கிய பிறகு பெட்டியைத் தூக்குங்கள்.