மங்கிய புள்ளியின் மையம்

கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் ஏறி வண்டன்மேட்டு ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குக் கட்டே நோய் புதிதல்ல. இளம் இலையில் நடுநரம்பிலிருந்து ஓரம் நோக்கி வெளிறிய கோடுகள் விட்டுவிட்டு ஓடும். நாளடைவில் தூரே குன்றிவிடும். அசுவினிப் பூச்சி பரப்பும் இந்த வைரஸ் இழை வடிவானது. தடிமன் 10 முதல் 12 நானோமீட்டர். இலைச்சாற்றை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால் இழை தெரிந்துவிடும். ஆனால் செல்லுக்குள் அது எந்த ஆழத்தில், எதை ஒட்டிக் கிடக்கிறது என்பதைச் செல்லைக் குலைக்காமல் அறிய ஒளியே வசதியான வழி. அந்த ஒளிக்கோ ஓர் எல்லை உண்டு.

அந்த எல்லையை ஜெர்மனியின் யேனா நகரில் எர்ன்ஸ்ட் அபே 1873-இல் வகுத்தார். ஒளி அலையாகப் பரவுவதால், எவ்வளவு நல்ல லென்ஸ் வழியாகப் பார்த்தாலும் ஒரு மூலக்கூறு ஏறத்தாழ 200 நானோமீட்டர் அகலமுள்ள மங்கிய புள்ளியாகவே தெரியும். ஆழத்திசையில் நிலைமை இன்னும் மோசம், 500 நானோமீட்டருக்கும் மேல்.

வைரஸின் புரத உறையில் மட்டும் போய் ஒட்டும் எதிர்ப்பொருளோடு (ஆன்டிபாடி) ஒளிரும் சாயத்தைப் பிணைத்து, லேசரைப் பாய்ச்சினால், சாயம் அதை வாங்கிக்கொண்டு சற்று நீண்ட அலைநீளத்தில் திருப்பி உமிழும். எல்லா மூலக்கூறுகளும் ஒரே நேரத்தில் ஒளிர்ந்தால் மங்கல்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்பதால், பெரும்பாலானவற்றை இருட்டில் நிறுத்தி, ஒரு படத்துக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாக மட்டும் மின்ன விடுகிறார்கள். தனித்து நிற்கும் மங்கலின் மையத்தைக் கணக்கிட்டுவிடலாம். 400 ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், கிடைத்தால் பிழை அதன் வர்க்கமூலமான 20-ஆல் வகுபட்டுச் சில நானோமீட்டருக்கு இறங்கும். ஆயிரக்கணக்கான படங்களின் மையங்களைச் சேர்த்தால் முழு உருவம் கிடைக்கும். எரிக் பெட்ஸிக் குழுவும் சியாவ்வெய் ஸுவாங் குழுவும் 2006-இல் தனித்தனியே இதைச் செய்து காட்டின. 2014-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பெட்ஸிக், ஹெல், மோர்னர் மூவருக்குப் போனது. ஸுவாங்கின் பெயர் அதில் விடுபட்டது எனக்கு உறுத்தல்தான்.

ஆழத்தை அறிய ஸுவாங் குழு 2008-இல் கையாண்ட உபாயம் எளிது. கேமராவுக்கு முன்னே ஓர் உருளை லென்ஸை வைத்தால், குவியத்தில் இருக்கும் மூலக்கூறு வட்டமாகவும், அதற்கு மேலே இருப்பது ஒரு திசையிலும் கீழே இருப்பது மறு திசையிலும் நீண்ட முட்டை வடிவமாகவும் விழும். வடிவமே ஆழத்தைச் சொல்லிவிடும்.

இந்தக் கணக்கெல்லாம் பின்புலம் இருட்டாக இருந்தால்தான் செல்லும். தடித்த மாதிரியில் குவியத்துக்கு மேலும் கீழும் உள்ள சாயங்களும் ஒளிர்ந்து, நானூறு ஃபோட்டான்களையும் மூழ்கடித்துவிடும். ஆகவே பார்க்கும் தளத்தை மட்டும் பக்கவாட்டிலிருந்து மெல்லிய ஒளித்தாளால் வெட்டுகிறார்கள். ஏலக்காய் ஸ்டோரின் ஓட்டு இடுக்கு வழியே வெயில் விழும்போது அந்தக் கீற்றிலுள்ள தூசி மட்டும் மின்னுவதைப் போன்றதே இது. சீடன்டோப்ஃபும் சிக்மோண்டியும் 1903-இலேயே பக்கவாட்டு ஒளியில் சிவப்புக் கண்ணாடிக்குள் இருந்த தங்கத் துகள்களைக் கண்டார்கள். 2004-இல் ஹைடல்பர்க் ஆய்வகம் அதை உயிருள்ள கருக்களுக்குக் கொண்டுவந்தது. தாளுக்கு வெளியே உள்ள சாயம் வீணாக வெளுத்துப்போகாது என்பதும் லாபம். ஒவ்வொரு மூலக்கூறும் குறிப்பிட்ட அளவு ஃபோட்டான்களையே தந்துவிட்டு அணைந்துபோகும் அல்லவா?

தாளை நினைத்தபடி மெலிதாக்கவும் முடியாது. 2 மைக்ரோமீட்டர் தடிமனுக்குக் குவித்தால், ஏறத்தாழ 15 மைக்ரோமீட்டர் தூரத்துக்கே அது மெலிதாக நிற்கும், பிறகு விரிந்துவிடும்.

ஏல இலைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. இம்முறைக்கு மிகவும் ஏற்ற சிவப்புச் சாயம் 670 நானோமீட்டர் அருகில் ஒளிர்கிறது. பச்சையமும் 680-ஐ ஒட்டித் தானாகவே ஒளிர்வதால், எது வைரஸ், எது இலை என்று கேமராவுக்குத் தெரியாது. ஆல்கஹாலில் ஊறவைத்துப் பச்சையத்தைக் கழுவிய பிறகே சாயமேற்ற வேண்டும். இல்லையேல், மண்ணுக்கடியில் பச்சையமில்லாத கிழங்கிலிருந்து மாதிரியை எடுத்துக்கொள்ளலாம்.