புள்ள காட், பீலித்தண்ணி: ஆபீஸ்ல சொல்ற சாக்குக்கு நம்ம பதில்

புள்ளைகளுக்கு வைத்தியம், சுத்தமான தண்ணி, நோய்த்தடுப்பு இதெல்லாம் உரிமைன்னு ஐநா சிறுவர் உரிமைகள் சமவாயத்தோட 24ஆவது உறுப்புரை சொல்லுது, இலங்கை 1991லயே அத ஏத்துக்கிட்டாச்சு. பின்னணி இவ்வளவு போதும். தோட்டத் தொழிலாளிக குடியிருக்கிற லயத்து வரிசை வீட்டுல வயித்தோட்டம் வந்து கெடக்குற புள்ளைக்கு அந்த உறுப்புரை, கரைச்சுக் குடுக்குற ஒரு ஜீவனி பாக்கெட்டு கூட வாங்கித் தராது. நமக்கு வேண்டியது யாருகிட்ட போறது, அவங்க தட்டிக்கழிச்சா என்ன சொல்றதுங்கறதுதான்.

முதல்ல புள்ள காட், அதான் ஊசியும் எடையும் எழுதுற அட்டை. ஆஸ்பத்திரியில புள்ள பொறந்ததும் தருவாங்க, ஆம்பளப்புள்ளைக்கு நீலம், பொம்பளப்புள்ளைக்கு ரோஸ். தமிழ்லயும் அச்சடிச்சிருக்கு, சிங்களக் காட்ட நீட்டினா தமிழ்க் காட் கேளுங்க, கேக்குறதுல வெக்கம் ஒண்ணும் இல்ல. 2, 4, 6 மாசம், 9 மாசம், ஒரு வருசம், ஒன்றரை வருசம், 3 வயசு, 5 வயசு, இந்த ஊசிக்கெல்லாம் கிளினிக்ல ஒரு சதம் கட்டத் தேவையில்ல. அப்புறம் ஸ்கூல்ல போடுவாங்க.

சிக்கல் வர்ற எடம் ஊசியில்ல, முகவரி. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயி மூணு மாசம் இருந்துட்டு வர்ற பொண்ணுகதான் இதுல மாட்டுறது. அந்த ஊரு மிட்வைஃப் (மருத்துவிச்சி) "ஒங்க ஏரியாவுக்குப் போங்க"ன்னு சொல்றது, இந்த ஊரு மிட்வைஃப் "நீங்க என் லிஸ்ட்லயே இல்லியே"ன்னு சொல்றது, நடுவுல புள்ளைக்கு நாலாவது மாச ஊசி போயிருது. காட்டோட எந்த எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்குக்குப் போனாலும் ஊசி போட்டுக்கலாம். திரும்பி வந்த ஒடனே நம்ம டிவிஷன் (தோட்டப் பிரிவு) மிட்வைஃப்கிட்ட பேரப் பதிஞ்சிருங்க, அவங்களா தேடி வருவாங்கன்னு உக்காந்திருக்காதீங்க.

ஊசி தவறிப்போச்சுன்னா ஏசுவாங்கன்னு பயந்து போகாமலே விட்டுர்ற அம்மாமார பாத்திருக்கேன். ஏசினா ஏசட்டும். விட்ட எடத்துல இருந்துதான் போடுவாங்க, மறுபடி ஆரம்பத்துல இருந்து இல்ல. பொறப்புச் சர்டிபிகேட் இன்னும் வரலைங்கறதும் ஊசிக்குத் தடையில்ல.

ஆனா அந்தப் பொறப்புப் பதிவ 42 நாளைக்குள்ள முடிச்சிருங்க. புள்ள பொறந்த எடத்துப் பதிவாளர்கிட்டதான் பதியணும், கண்டி ஆஸ்பத்திரியில பொறந்தா கண்டியில. கல்யாண சர்டிபிகேட் இல்லைன்னு திருப்பி அனுப்பினா நம்பாதீங்க, அது இல்லாமலும் பதியலாம், அப்பா பேரு விழணும்னா ரெண்டு பேரும் சேந்து கேட்டுக் கையெழுத்துப் போடணும். கையெழுத்துக்கு முன்னால பேர எழுத்துக் கூட்டி வாசிச்சுப் பாருங்க, ஒரு எழுத்து மாறினதுக்கு ஸ்கூல்ல சேக்குறதுல இருந்து ஐடி எடுக்குற வரைக்கும் அலையிற ஆளுக நம்ம தோட்டங்கள்ல எத்தன பேரு.

கிளினிக்ல குடுக்குற சத்துமாவு திரிபோஷா எல்லாருக்கும் இல்ல. கர்ப்பிணித் தாய்மார், பால் குடுக்குற தாய்மார், எட கொறஞ்ச புள்ளைக, இவங்களுக்குத்தான். இதுல ஒரு பொறி இருக்கு: நிறுத்துப் பாக்காத புள்ள எட கொறஞ்ச புள்ளைன்னு எந்தப் புஸ்தகத்துலயும் விழாது, அதனால ரொம்ப மெலிஞ்சு போன புள்ளைக்கே கெடைக்காமப் போகும். மாசாமாசம் நிறுக்கணும், காட்டுல புள்ளி வெக்கணும், கோடு கீழ எறங்குதான்னு நாமளே பாக்கணும். "ஸ்டாக் இல்ல"ன்னா எப்ப வரும்னு தேதி கேளுங்க.

கிளினிக் போனா அரப்பேருதான் (அர நாள் சம்பளம்தான்) விழும்னு, வேலைய மேற்பாக்குற கணக்கப்பிள்ளை சொல்றது பெரிய கொடுமை. தனியா ஒரு அம்மா பேசினா எடுபடாது. டிவிஷன்ல இருக்கிற அம்மாமார் எல்லாம் சேந்து, கிளினிக்க தோட்டத்துக்குள்ளயே வையுங்கன்னு எம்ஓஎச்சுக்கு ஒரு கடுதாசி எழுதி, தொழிற்சங்கத் தலைவர்கிட்டயும் ஒரு கொப்பி குடுங்க.

இன்னொண்ணு, கவர்மென்ட் ஆஸ்பத்திரி ஓபிடிக்கு (வெளிநோயாளர் பிரிவுக்கு) போக தோட்ட டிஸ்பென்சரியோட துண்டுக் கடுதாசி வேணும்னு நெனச்சு காய்ச்சக்காரப் புள்ளைய வெச்சுக்கிட்டுக் காத்திருக்காங்க. வேண்டாம், நேரா போங்க. ராத்திரின்னா 1990, சுவசெரிய ஆம்புலன்ஸ், காசில்ல. லயத்து வரைக்கும் ரோடு இல்லாட்டி மெயின் ரோட்டுல எந்தச் சந்தியில நிக்குறீங்கன்னு சொல்லிருங்க.

இப்ப தண்ணி, இதுலதான் நல்லா சுத்த விடுவாங்க. மலை ஊத்துல இருந்து பீலி (குழாய்) வழியா வர்ற தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனா மேல ஏறிப் பாத்தா ஊத்துக்குப் பக்கத்துல மேல் லயத்துக் கக்கூஸ் குழி, மாட்டுப்பட்டி, புல்லுக்கு அடிக்கிற மருந்து டாங்கி கழுவுற எடம். கொதிக்க வெச்சா கிருமி சாகும், மருந்து போகாது, ரெண்டும் வேற வேற பிரச்சின.

தொரைகிட்ட (தோட்ட மேனேஜர்கிட்ட) போனா பிரதேச சபைக்குப் போகச் சொல்றாரு. சபைக்குப் போனா "தோட்டம் தனியார் கம்பனி, எங்களுக்குச் செலவழிக்கச் சட்டம் இல்ல". வாட்டர் போர்டுல "எங்க லைன் அங்க வரல". பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) "நான் டெஸ்ட்தான் பண்ணலாம்". ஒரு ஆபீஸ்ல இத என் மொகத்துக்கு நேரா சொன்னாங்க, சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டாங்க.

சபைக்காரங்க சொல்ற அந்தச் சட்டம் 1987 பிரதேச சபைச் சட்டத்தோட 33ஆவது பிரிவு, தோட்டத்துக்கும் செலவழிக்கலாம்னு அத 2018லயே திருத்தியாச்சு. காசு இல்லைன்னு சொன்னா அது வேற பேச்சு, சட்டம் இல்லைன்னு சொன்னா "அத எழுதித் தாங்க"ன்னு மட்டும் கேளுங்க, பேச்சு அப்பிடியே மாறும்.

தண்ணி டெஸ்டுக்கு சோடா போத்தல்ல நீங்களா அள்ளிட்டுப் போகாதீங்க, எடுக்க மாட்டாங்க. கிருமி நீக்கின போத்தல்ல பிஎச்ஐ வந்துதான் எடுக்கணும். அவரக் கேட்டு எம்ஓஎச் ஆபீசுக்கு எழுதுங்க: எந்த டிவிஷன், எந்த ஊத்து, எத்தன குடும்பம் குடிக்குது, எந்த மாசம் எத்தன புள்ளைக்கு வயித்தோட்டம். மருந்து கலக்குதுன்னு சந்தேகம்னா அத தனியா எழுதுங்க, ஏன்னா வழக்கமான டெஸ்ட் கிருமியத்தான் பாக்கும். தமிழ்லயே எழுதலாம், ரெண்டு கொப்பி, ஒண்ணுல சீலும் தேதியும் போட்டு வாங்காம வெளிய வராதீங்க.

ரிசல்ட் சொல்ல மாட்டேங்கிறாங்களா, 2016 தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேளுங்க. ஏன் கேக்குறீங்கன்னு காரணம் சொல்லத் தேவையில்ல. எழுதத் தெரியாதவங்க வாயால சொன்னா அந்த ஆபீஸ் தகவல் அதிகாரி எழுதிக்கணும். தரலாமா முடியாதாங்கறத 14 வேலை நாளைக்குள்ள அவரு சொல்லியாகணும். மறுத்தாலோ பதிலே வராட்டியோ, அதே ஆபீசுக்குன்னு குறிச்சிருக்கிற மேல் அதிகாரிக்கு 14 நாளைக்குள்ள அப்பீல் போடணும், இந்தக் கெடுவ விட்டுறாதீங்க, அந்த சீல் அடிச்ச கொப்பிய போட்டோக் கொப்பி எடுத்துச் சேத்து அனுப்புங்க.